அம்பாசமுத்திரத்தில் இருந்த லாக்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோதுதான் பரண்மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கீழே இறக்கினோம். பித்தளை அண்டாவுக்கும் மகனுடைய கிரிக்கெட் மட்டைக்கும் பின்னால், என்னுடைய பழைய சேலை ஒன்றில் சுற்றி வைத்திருந்தது. வயிறு பருத்த மானிட்டர், மஞ்சள் பூத்துப்போன பெட்டி, கனமான கீபோர்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய ஃப்ளாப்பிகள். எங்கே வைக்க என்று கேட்டவர்களிடம் வாசலில் வைக்கச் சொன்னேன். பழைய இரும்பு எடுப்பவர் எங்கள் தெருவுக்குத் தவறாமல் வருவார். அவரிடம் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

என் கணவர் தூசி படாத தூரத்தில், மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின வருஷம் அவருக்குத் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைத்து ஒரு வெள்ளைத் துணி தொங்கும். தூசியும் புகையும் நேராக நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால் வீட்டில் ஒட்டடை அடிக்கிற அன்றெல்லாம் அவருக்கு மரத்தடிதான்.

அதற்கு முன்னால் அவர் பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர். ஜங்ஷனில் பஸ் ஏறினால் பாளையங்கோட்டை வந்து இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதுவரை தெரிந்துகொண்டு வருவார். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் உட்கார்ந்த வரிசை மட்டும் எழுந்திருக்க நேரமாகும். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். நாள் முழுக்கக் குழந்தைகளிடம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச வாய் வராது. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார்.

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவியைக் கொடுத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையில் அவர் கழுத்துத் தோல் மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. கருவியை வைத்தால் மிக்ஸி ஓடுகிற சத்தம்தான் வந்தது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்கள். நாலைந்து தடவை அப்படி நடந்ததும் அதை மேஜை டிராயரில் போட்டு மூடினார். பிறகு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். அவர் கையெழுத்து எப்போதுமே கோழி கிளறினது போல இருக்கும். அவர் ஒரு வேடிக்கையை எழுதி முடித்து நிமிரும்போது மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். புனேயில் இருக்கிற மகன் டேப்லெட் அனுப்பினான். அதில் எழுத்துகள் குறுகலான கட்டங்களில், அவருக்குப் பழக்கமே இல்லாத வரிசையில் இருந்தன. ஒரு 'ஞ'வைத் தேடுவதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். கடைசியில் சிலேட்டில் 'காபி', 'மாத்திரை', 'ஃபேன்' என்பதுபோல ஒற்றைச் சொற்கள் மட்டும் மிஞ்சின. பார்க்க வருபவர்கள் முன்னால் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அன்று பழைய இரும்புக்காரர் வந்து, மானிட்டரைத் தூக்கிப் பார்த்து, இது கண்ணாடி, எடை நிற்காது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மரத்தடியிலிருந்து இவர் எழுந்து வந்தார். பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்காதே என்று அர்த்தம். பிறகு கீபோர்டை மட்டும் துடைத்துத் தரச் சொல்லிக் கை காட்டினார். துடைத்துக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, எதோடும் இணைக்காத அந்தக் கீபோர்டில் அடிக்க ஆரம்பித்தார்.

பத்து விரல்களும் ஓடின. கீழே பார்க்கவே இல்லை. இடது கை விரல்கள், தமிழ் டைப்ரைட்டர் பழகியவர்கள் முதலில் கை வைக்கிற 'ய ள ன க' வில் போய்த் தானாக உட்கார்ந்துகொண்டன. கல்யாணமான புதிதில் நான் பார்த்த அதே வேகம். என்ன அடித்தார் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரிய வழியில்லை. ஆனால் அந்தச் சடசடப்பைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று புரிந்தது. அவர் கைக்கு இன்னும் பேச்சு மறக்கவில்லை. இரும்புக்காரருக்கு ஓட்டை விழுந்த குண்டான் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு பெண் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். பெட்டியைத் திறந்ததும் உள்ளே பல்லி முட்டைகள். அவள் தூசியை ஊதி எடுத்து முடிக்கிறவரை இவரைச் சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு மருந்துக்கடை நிழலில் நிற்க வைத்தேன். மின்சாரம் வருகிற பாகம் செத்துப்போயிருக்கிறது, பழைய மிஷின் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டுப் பார்க்கிறேன் என்றாள். சரியானால் ஆச்சு, ஆகாவிட்டால் திட்டக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

சில நாட்களில் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தோம். பொத்தானை அழுத்தியதும் 'பீப்' என்று ஒரு சத்தம். உள்ளே ஏதோ சுழன்று முனகியது. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின. உள்ளே இருந்த சின்ன பேட்டரி தீர்ந்துபோனதால் கம்ப்யூட்டர் பல வருஷங்களுக்கு முந்தைய தேதி ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு நீல வானமும் மேகமும். என் கணவர் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனார். தமிழ் அடிக்கிற சாஃப்ட்வேரின் படம் மூலையில் இருந்தது. அதை அமுக்கினார். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்து, லாக் இல்லை, திறக்க முடியாது என்றது.

அவர் மவுஸை விட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் பிரின்டர் ஒயர் செருகுகிற இடத்தைத் தடவினார். வெறுமையாக இருந்தது. நான் அப்போதுதான் அதை நினைத்தேன்.

லாக் என்பது தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டை. அந்தக் காலத்தில் விலை உயர்ந்த சாஃப்ட்வேர்களை யாரும் நகல் எடுத்துவிடக்கூடாது என்று அதோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அது பின்னால் செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். எங்களுடைய லாக் தொலையவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

டவுனில் ரத வீதிப் பக்கம் இவரும் இவருடைய சிநேகிதர் ஒருவரும் சேர்ந்து கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிற கடை ஒன்று நடத்தினார்கள். இவர் அடிப்பார், அவர் படமும் பூவும் பார்டரும் வைத்து அழகு பண்ணுவார். ஒரு வைகாசி மாதம் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணங்களுக்குப் பத்திரிகை வந்தது. ஒன்றைச் செய்து முடித்து, அதையே நகல் எடுத்து மற்றதைச் செய்தார்கள். பெயர்களையெல்லாம் மாற்றியவர்கள் மண்டபத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். பேட்டை மண்டபத்துக்குப் போக வேண்டிய உறவுக்காரர்கள் பாதிப்பேர் ஜங்ஷனிலிருந்த மண்டபத்துக்குப் போய், முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டுவிட்டுப் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் பெண்ணின் அப்பா கடைக்கு வந்து நடுத்தெருவில் நின்று கத்தினார்.

அச்சுக்குப் போகும்முன் பிழை திருத்தக் கடைசி புரூஃப் பார்த்தது நீர்தான் என்று இவர் அவரைச் சொன்னார். நீர்தான் என்று அவர் இவரைச் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. கடையை மூடும்போது இவர் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டார். நான் இல்லாமல் நீர் மட்டும் தொழில் நடத்திவிடுவீரோ என்று அவர் பின்னாலிருந்த லாக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். லாக் இல்லாமல் கம்ப்யூட்டருக்கு வேலையில்லை, கம்ப்யூட்டர் இல்லாமல் லாக்குக்கும் வேலையில்லை. இவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கணக்கு அடிக்கப் போனார். சிநேகிதர் தன் மனைவியின் ஊரான அம்பாசமுத்திரத்துக்குக் குடிபோனார். அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

அம்பாசமுத்திரம் போகலாமா என்று நான் கேட்டபோது இவர் தலையை அசைத்து மறுத்தார். சிலேட்டை நீட்டினேன், வாங்கவில்லை. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தபிறகும் அந்தக் கீபோர்டை மட்டும் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலையில் நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், இஸ்திரி போட்ட சட்டையும் புதுக் கழுத்துத் துணியுமாகச் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேரன்மகாதேவி வழியாகப் போகிற பஸ். சாகுபடி நேரம், இரண்டு பக்கமும் நாற்று. கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப்பாலம் வந்ததும் இவர் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, தலை முழுக்க வெளுத்திருந்தது. அவருக்கு எங்களைத் தெரிந்தது. என்னை மட்டும் பார்த்து, "வாங்க மதினி" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பி, இவர் எதுவும் பேசாமல் நிற்பதைப் பார்த்து, "என்னவே, இன்னும் கோவந்தானா? படியேறி வந்துட்டு வாயத் தொறக்க மாட்டேங்கீரே" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அவுகளுக்குப் பேச்சு இல்ல. தொண்டையில ஆபரேசன் ஆயிட்டு" என்றேன்.

அவர் இவருடைய கழுத்துத் துணியைப் பார்த்தார். அதுவரை சளி பிடித்ததற்குச் சுற்றியிருப்பதாக நினைத்திருப்பார். இவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். பிடித்த கையை விடவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து, என்ன விஷயம் என்று புரியாமல் செம்போடு நின்றார். நான்தான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாக் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து பீரோவைத் திறந்தார். "நகையோட நகையா அதையும் உள்ள வச்சுப் பூட்டியிருக்காவ. என்னன்னு கேட்டாச் சொல்ல மாட்டாவ" என்றார் அவர் மனைவி. வீட்டுப் பத்திரம் இருந்த பீரோவின் உள்ளறையிலிருந்து, வெல்வெட்டு நகைப்பெட்டி ஒன்றில் அது வெளியே வந்தது. நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"நானே வந்து மாட்டுதேன் மதினி. இவரு முன்னாலயே ஒருக்க செருகும்போது இதுல உள்ள ஊசிய வளைச்சவரு."

அடுத்த பஸ்ஸிலேயே எங்களோடு புறப்பட்டுவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில், நான் எதிர்ப்பக்கம். வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். பிள்ளைகள், சர்க்கரை வியாதி, செத்துப்போன பழைய வாடிக்கைக்காரர்கள் என்று ஒன்றையும் விடவில்லை. இவர் கேட்டுக்கொண்டு வந்தார். நடுவே ஏதோ சொல்ல வந்து வாயசைத்துவிட்டு நிறுத்துவார். அப்போதெல்லாம் அவர் தன் பேச்சை நிறுத்தி இவர் உதட்டைப் பார்ப்பார், புரியாது, மறுபடி பேசுவார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, அவரே லாக்கைச் செருகினார். இவர் சாஃப்ட்வேரைத் திறந்தார். இந்தமுறை சாம்பல் கட்டம் வரவில்லை. வெள்ளைப் பக்கம் ஒன்று விரிந்தது. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, ஒரே மூச்சில் அடித்தார்:

"உம்ம தலை மொத்தமும் வெளுத்துட்டே வே. மை வாங்க ஆள் இல்லியா?"

அவர் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதை மறைப்பதற்கோ என்னவோ, "அது கெடக்கட்டும். இப்பமாவது ஒத்துக்கிடும். அந்தப் பத்திரிகைக்குக் கடைசி புரூஃப் பாத்தது நீருதான்" என்றார்.

இவர் விரல்கள் பறந்தன. "நான் அன்னைக்கு அச்சாபீசுக்குல்லா போயிருந்தேன். புரூஃப் பாத்தது நீரு."

"அச்சாபீசுக்குப் போனது நான்."

"நீரு டீ குடிக்கப் போனீரு."

அவர் மறுபடியும் ஆரம்பித்தார், குரல் ஏறியது. இவரால் குரலை ஏற்ற முடியாது. மவுஸைப் பிடித்து எழுத்தின் அளவைக் கூட்டினார். திரை முழுவதும் ஒரே ஒரு சொல்தான் நின்றது: 'நீருதான்'. போதாது என்று எழுத்தைத் தடிமனாக்கி, அடிக்கோடும் போட்டார்.

"ஏன்வே சத்தம் போடுதீரு? காது நல்லாத்தான் கேக்குது" என்றார் அவர்.

நான் காபி ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை அடுக்களை மேடையில் வைத்துவிட்டேன். கதவோரம் வந்து நின்று கேட்டேன். ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சண்டை போட்டிருக்கவில்லை.

சிநேகிதர் கடைசி பஸ்ஸுக்குப் போனபிறகு இவர் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போகும்போது உன்கிட்ட ஒண்ணு சொல்ல நெனச்சேன். அந்த நர்ஸ் வேகமாத் தள்ளிட்டா" என்று அடித்தார். திரைக்கு இன்னும் கிட்டப் போனேன். என்ன என்று கேட்டேன்.

"கேஸ் தீரப்போவுது, சிலிண்டர் புக் பண்ணணும்னு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த வரியை அடித்தார்: "என் கடைசிப் பேச்சு அதுவா இருந்திருக்கும். சொல்லாததே நல்லதாப் போச்சு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் தோள்கள் குலுங்கின. இப்போது அவர் சிரிப்பு அப்படித்தான், சத்தம் இருக்காது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் மறுபடி பேச்சு வந்தது. அந்த ஒரு வருஷத்தில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் குறட்டை, மகன் போனில் காட்டுகிற அக்கறையில் எத்தனை நிஜம், என் சாம்பாரில் பெருங்காயம். மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் வாசனை அவருக்கு முன்போலத் தெரிவதில்லை. அப்படியிருந்தும் பெருங்காயம் அதிகம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், அனுபவம் என்று அடிப்பார். எனக்குக் கோபம் வந்தால் படிக்காமல் திரும்பிக்கொள்வேன். அப்போது எழுத்து பெரிதாகும்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது. கொஞ்ச மாதங்களில் மானிட்டரின் ஓரம் பச்சையாக மாறி, ஒருநாள் ஒரு வெளிச்சக்கோடு மட்டும் நின்று அதுவும் அணைந்தது. வண்ணார்பேட்டைக்கு ஓடினோம். இவர் முகம் போன போக்கைப் பார்த்த அந்தக் கடைக்காரப் பெண், "அழாதீங்க சார். உங்களுக்கு வேண்டியது அந்த மிஷின் இல்ல, அந்தக் கீபோர்டு வரிசதான். அதப் புது லேப்டாப்பிலயும் வச்சுக்கிடலாம்" என்றாள். டைப்ரைட்டர் முறை என்று அதற்கு ஒரு தேர்வு உள்ளேயே இருக்கிறதாம். இது எங்களுக்குத் தெரியாது. மகனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவள் ஒரு சிறிய லேப்டாப்பில் அதைப் பொருத்தி, அடித்ததை வாசித்துக் காட்டுகிற குரல் ஒன்றையும் போட்டுக் கொடுத்தாள். அது செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண்ணின் குரல். இவர் 'வே' என்று அடித்தால் அது தடுமாறி நின்றது. "இவ யாரு நமக்கு நடுவுல?" என்று கேட்டு, குரலை நிறுத்திவிட்டார். இன்றுவரை நாங்கள்தான் வாசிக்கிறோம்.

சிநேகிதர் மாதம் ஒருமுறையாவது வருகிறார். செத்துப்போன மானிட்டரை விற்கவும் விடவில்லை, லாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. புரூஃப் விஷயம் இன்னும் தீரவில்லை.

போன மாதம் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். எங்களுக்கு எதிர் பெஞ்சில் கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருவர், உவரிக்கு அருகே ஏதோ ஊர் என்று அவர் மனைவி சொன்னார். நல்ல தோள்களும் வெயிலில் கருகிய முகமும் உள்ளவர். கழுத்துத் துணி புதிது. ஆபரேஷன் நடந்து கொஞ்ச நாட்கள்தான் ஆகியிருக்கும். மனைவி கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். "கடல்ல ஒரு வள்ளத்துல இருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கேக்குற மாதிரி சத்தம் போட்ட மனுசன்மா. இப்பம் செவுத்தப் பாத்துட்டு இருக்குதாவ" என்றார் என்னிடம். அந்த மனிதர் நிமிரவே இல்லை.

என் கணவர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். லேப்டாப்பை மடியில் திறந்து வைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். அந்த அம்மா குனிந்து, எழுத்துக் கூட்டி, தன் கணவருக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"முதல் மூணு மாசம் எல்லாரும் உம்மகிட்ட செவிடன்கிட்ட பேசுத மாதிரி கத்திக் கத்திப் பேசுவாவ. காது நல்லாத்தான் கேக்குதுன்னு சொல்லவும் நம்மால முடியாது."

அந்த மனிதர் மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. இவருக்கும் குலுங்கின. கூட்டம் நிறைந்த அந்த வராந்தாவில் இரண்டு பேரும் கொஞ்சமும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

நர்ஸ் வந்து எங்களை உள்ளே வரச் சொன்னாள். நான் எழுந்து பையை எடுத்தேன். இவர் ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று காட்டிவிட்டு, மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தார்.